கிழக்கே பொங்கிய பால்

பால் பொங்கி வழிந்த அடுப்பு எப்படி இருக்கும் என்று தர்முவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வெள்ளையாக வழிந்து, ஓரம் பழுப்பாகி, நடுவில் கருகி, மண்ணடுப்பின் ஒரு பக்கமாக அது ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தாள். பாலேதான். அம்மா போன பிறகு ஒரு சுள்ளிகூட எரியாத அடுப்பு அது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் வந்து யாரோ அதில் பால் காய்ச்சியிருக்கிறார்கள்.

அதுவும் கிழக்கே பொங்கியிருக்கிறது. நல்ல சகுனம். யாருக்கு நல்ல சகுனம் என்பதுதான் தெரியவில்லை.

தர்மு இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு மற்றதைத் தேடினாள். தேடினால் கிடைக்காமல் போகுமா? அடுக்களை வாசற்படியில் பெரிய படிக்கோலம் ஒன்று இருந்தது. ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்தாள், அசையவில்லை. பெயின்ட். நிலைப்படிக்கு மேலே ஆணியில் மாவிலைத் தோரணத்தின் ஒரு துண்டு தொங்கியது. எட்டி இழுத்தாள். கையில் வந்தது பிளாஸ்டிக் இலை. கிரகப்பிரவேசத்துக்குப் பிளாஸ்டிக் மாவிலை கட்டுகிற ஜன்மங்கள் யாரோ என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

பத்திரம் பதிவது ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் இருக்கலாம். ஆனால் வீடு கைமாறுவது அடுக்களையில்தான் என்பது வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் தெரியும். வந்தவர்கள் பால் காய்ச்சிப் பொங்கவிட்டால் வீடு அவர்களுடையது. அப்புறம் பழைய சொந்தக்காரர்கள் வந்து நின்றால் விருந்தாளிகள். தர்மு அந்த அடுப்பின் முன்னால் அப்படித்தான் விருந்தாளி மாதிரி நின்றாள். நின்றபடியே அவள் மனசுக்குள் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. நாகேஸ்வரன். கூடப் பிறந்த அண்ணன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய மடம் என்றால் வலியசாலையில் ஆட்டோக்காரனுக்குக்கூடத் தெரியும். இந்தப் பக்கத்தில் எங்கள் வீடுகளுக்கெல்லாம் மடம் என்றுதான் பெயர். கொள்ளுத்தாத்தா மகாராஜா காலத்தில் அரண்மனை உத்தியோகத்தில் இருந்து சம்பாதித்துக் கட்டியது. தெருக் கோடியில் தனியாக, நடுமுற்றமும் தேக்கு மச்சும் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்களுமாக நிற்கும். பின்பக்கம் தோட்டம், அதைத் தாண்டிக் கிள்ளியாற்றுப் பக்கத்து ரோட்டுக்கு ஒரு கேட். அம்மா உயிலில் வீட்டை இரண்டு பேருக்கும் சமமாக எழுதிவைத்துவிட்டுப் போனாள். அண்ணன் குடும்பத்தோடு சென்னை நங்கநல்லூரில். தர்மு கரமனையில் ஒரு சின்ன ஃபிளாட்டில். இத்தனை பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? விற்றுவிடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் பேச்சே எடுப்பதில்லை என்று அண்ணன்தான் சொன்னான். வாசலில் விற்பனைக்கு என்று போர்டு தொங்கியது. புரோக்கர் ஜெயனிடம் ஒரு சாவி. தர்மு வெள்ளிக்கிழமை தோறும் பஸ் பிடித்து வந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் போவாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு அவள் வருத்தப்பட்டதும் இல்லை. கணக்குத் தணிக்கை ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். ஊரார் எழுதிய கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதே சோறு போட்ட தொழில். அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைக்க அவளுக்குத் தெரியாது. பால்காரன், பேப்பர்காரன், ஃபிளாட் செக்ரட்டரி என்று அவள் சந்தேகப்படாத ஆள் கரமனையில் கிடையாது. ஒரே விலக்கு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் வரும். கிணற்றில் தண்ணி எவ்வளவு இருக்கு என்று ஆரம்பிப்பான். முழங்கால் வலி, மன்னியின் சமையல் என்று ஒரு மணி நேரம் ஓடும். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு போன்தான். அதனால்தான் அந்தப் பால்கறை அவளை அப்படிப் போட்டு உலுக்கியது. வீடு போனால் போகட்டும், அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்றால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

போன வாரம் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம் என்று அவள் வெள்ளிக்கிழமை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்திருக்கிறது என்று புரிந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு எதிர்வீட்டு லோகாம்பாள் மாமியிடம் போனாள்.

மாமி கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு, ஒரு கண்ணில் பச்சை மறைப்போடு மாடி ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்கிறவள். கேட்டதும் மாமிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பின்பக்கத்து கேட் வழியாக வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்களாம். பெண்கள் எல்லாம் பட்டுப்புடவை. காலையிலேயே வந்து பொழுது சாயும்வரை இருந்தார்களாம். மேளம் முழங்கியதாம்.

"கெட்டிமேளம் மூணு தரம் கேட்டுதுடி. ஒரு தரம் முடிஞ்சு, சித்த நேரம் கழிச்சு மறுபடியும் முதல்லேர்ந்து. எந்த ஊர் சம்பிரதாயமோ. உசரமா ஒருத்தர், ஜரிகை வேஷ்டி கட்டிண்டு முத்தத்துல நடந்தார். நடை அப்படியே நம்ம நாகேசன்தான் கேட்டியோ."

"கண்ணால பாத்தேளா மாமி?"

"ஒரு கண்ணால பாத்தேன்."

அது போதும் தர்முவுக்கு. மூன்று தரம் கெட்டிமேளம் வைக்கிறவர்கள் பணத்துக்குப் பஞ்சமில்லாத பார்ட்டிகளாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றிவிட்டது. வந்ததும் பின்வாசல் வழியாக. யோக்கியமாக வாங்குகிறவன் எதற்குப் பின்வாசலில் வருகிறான்?

ஜெயனைக் கிள்ளிப்பாலம் பஸ் ஸ்டாப்பில் பிடித்தாள். வழக்கமாக மாமி மாமி என்று குழைகிறவன், அடுக்களை என்ற வார்த்தையைக் கேட்டதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். யாரிடம் சாவி கொடுத்தாய் என்று கேட்டாள். வீடு பார்க்க யார் யாரோ வருவார்கள், ஓர்மை இல்லை, யாரும் நினைவில் நிற்கவில்லை என்றான். பால் காய்ச்சியது யார் என்று நேராகவே கேட்டாள். அவன் தூரத்தில் வருகிற பஸ்ஸைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் அறிஞ்சூடா மாமி. சாரிட்டயே கேட்டுப் பாருங்கோ."

சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் தாவி ஏறிவிட்டான். அது பூந்துறை போகிற பஸ். அவன் வீடோ பேரூர்க்கடையில். தர்மு இதையெல்லாம் கவனிக்காமல் விடுகிறவள் இல்லை. ஆனால் கவனித்ததிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சாரிட்டயே கேளுங்கோ. அப்படியென்றால் சாருக்கு, அதாவது அண்ணனுக்கு, தெரியும்.

மறுநாள் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் வில்லங்கம் பார்த்தாள். சுத்தம். வீடு இன்னும் இரண்டு பேர் பெயரில்தான் இருக்கிறது, யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்று அங்கே இருந்த பெண் அழகாக எடுத்துச் சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று வீடு திரும்பி ஒரு டம்ளர் காபி குடித்திருப்பார்கள். தர்முவின் ஆடிட் மூளைக்கு அதிலும் ஓட்டை தெரிந்தது. அட்வான்ஸ் கைமாறியிருக்கிறது, சாவி கொடுத்தாகிவிட்டது, பத்திரம் பின்னால் வரும். தன் கையெழுத்தை எப்படி வாங்குவான்? அதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பான். இப்படியே ஞாயிற்றுக்கிழமை வரை சாப்பிடாமல் தூங்காமல் அவள் அண்ணனை விசாரித்துத் தண்டனையும் கொடுத்துவிட்டாள். போன் அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அடித்தது. கிணற்றில் தண்ணி எவ்வளவு இருக்கு என்று அவன் ஆரம்பித்தான்.

"நீ எப்ப வந்துட்டுப் போனே அண்ணா?"

"எங்கே?"

"எங்கேன்னு எங்கிட்டயே கேக்கறயா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பால், கோலம், பிளாஸ்டிக் இலை, லோகாம்பாள் மாமி, ஜெயன் என்று வரிசையாகக் கொட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டான். சித்திரைக்குப் பிறகு நங்கநல்லூரை விட்டே நகரவில்லை, முழங்கால் இருக்கிற இருப்பில் ரயில் ஏற முடியுமா என்றான். இதற்கெல்லாம் ஏதாவது காரணம் இருக்கும், பதறாதே, விசாரிக்கலாம் என்றான். விசாரிக்கலாம் என்ற வார்த்தையை அவள் ஆபீஸில் எத்தனை திருடர்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கண்மண் தெரியவில்லை.

"அப்பா கையெழுத்தையே போட்டவன்தானே நீ. என் கையெழுத்தைப் போட எத்தனை நாழி ஆயிடும்?"

வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், பாவி. அவள் ஒன்பதாம் கிளாஸில் மலையாளத்தில் தோற்றுப்போன வருஷம் அது. அப்பாவின் பிரம்பு தெருவுக்கே தெரிந்த பிரம்பு. ரிப்போர்ட்டைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தவளிடமிருந்து அதை வாங்கி, காலேஜில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பா நடுமுற்றத்தில் தூணில் சாய்த்துவைத்து அவனை அடித்தார். தர்முவுக்காகப் போட்டேன் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. விளையாட்டுக்குப் போட்டேன் என்று சொல்லி அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டான்.

போனில் அண்ணன் குரலைத் தாழ்த்தினான்.

"அது யாருக்காகப் போட்டேன் தர்மு?" என்றான்.

அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படிப் பேசுவான் என்று தர்மு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொண்டாள். பெரிய மடத்துக்குப் புதுப் பூட்டு போட்டாள். ஜெயனை இனி இந்தப் பக்கம் வராதே என்று விரட்டிவிட்டு, போர்டில் தன் நம்பரை எழுதினாள். அடுப்பை மட்டும் துடைக்கவில்லை. சாட்சியை யாராவது துடைப்பார்களா?

ஓணம் கழிந்து சில நாளில் அண்ணனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. தன் பாகத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்லியிருக்கிறேன், வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று. சொன்னபடியே ரயிலிறங்கி நேராக ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு வந்தான். முழங்காலில் பட்டை கட்டியிருந்தான். படியேற அவள் கை நீட்டினாள். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அவள் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தாள், அவனுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகப் போட்டு. இப்போதுதான் குடித்தேன் என்றான். ஸ்டேஷனிலிருந்து நேராக வந்தவன் எங்கே குடித்தான்? பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆட்டோவில் ஏறும்போது, கிணற்றுக்கு வலை போட்டு மூடிவிடு, இலை விழுகிறது என்றான். அவ்வளவுதான்.

அப்போதும் அவளுக்குச் சந்தேகம் விடவில்லை. பாதி மடத்தை இப்படிச் சுளுவாக எவனாவது விட்டுக்கொடுப்பானா? வாங்கின அட்வான்ஸ் அதைவிடப் பெரிசாக இருந்திருக்க வேண்டும். ஃபிளாட்டுக்குத் திரும்பி, அந்தக் காபியை ஸிங்கில் கொட்டும்போது மட்டும் பாதியில் நிறுத்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கொட்டி முடித்துவிட்டு மறுபடியும் சந்தேகப்பட்டாள்.

ஐப்பசி மழையில், போர்டைப் பார்த்துவிட்டு ஒரு தம்பதி வந்தார்கள். பாறசாலைப் பக்கத்து ரப்பர் வியாபாரி சுவாமிதாஸ், அவர் மனைவி செல்லபாய். சர்ச்சுக்குப் போகிற சாது மனிதர்கள். பேரப்பிள்ளைகள் பட்டணத்தில் படிக்க வேண்டும், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பெரிய வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். சுவாமிதாஸ் தூணைத் தட்டினார், மச்சுப் பலகையைத் தட்டினார். எதற்கு இப்படித் தட்டிப் பார்க்கிறான், உள்ளே ஏதாவது இருக்கிறதென்று எவனாவது சொல்லியிருப்பானோ என்று தர்மு கூடவே நடந்தாள். கரையான் இருக்கிறதா என்று பார்க்கிறேன் அம்மா என்று அவரே சொன்னார். அவள் அதையும் நம்பவில்லை.

செல்லபாய் குடையை உதறிவிட்டு நேராக அடுக்களைக்குள் போனாள். போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தரையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தாள்.

"யம்மா, இது நமக்குத் தெரிஞ்ச அடுக்களையில்லா!"

தர்மு பின்னாலேயே வந்து நின்றாள். சிக்கினார்கள். இவர்கள்தான் அந்தப் பார்ட்டி. எப்படித் தெரியும் என்று அதட்டலாகவே கேட்டாள்.

"சீரியல்ல வந்ததாக்கும். நெதமும் ஏழரைக்குப் பாக்கேனே. அந்தப் பிள்ளை வலது கால எடுத்துவச்சு வந்து இந்த அடுப்புலதான் பால் காச்சிச்சு. அதுல மாமியாக்காரி விஷம் கலந்துட்டா. நிக்கணும், காட்டுதேன்."

செல்லபாய் போனில் தேடி எடுத்து நீட்டினாள். தர்மு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவள் வீட்டு நடுமுற்றம். பட்டுப்புடவைப் பெண்கள். நிலைப்படியில் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் மாவிலை. உயரமாக ஒரு நடிகர் ஜரிகை வேஷ்டியோடு நடந்து வந்தார். பின்னாலிருந்து பார்த்தால் அண்ணனின் நடைதான், லோகாம்பாள் மாமி பொய் சொல்லவில்லை. கெட்டிமேளம் கேட்டது. சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. கூட்டத்தில் தூணோரமாக, கையில் தாம்பாளமும் முகத்தில் சிரிப்புமாகப் புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தான் ஜெயன். சாவியைச் சீரியல்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நடிக்கவும் செய்திருக்கிறான் கடன்காரன்.

செல்லபாய் கதையின் மீதியைச் சொல்லிக்கொண்டே போனாள். தர்மு காதில் ஒன்றுதான் விழுந்தது. ஓணத்துக்கு முன்னமே வந்த கதை இது என்று அவள் நடுவில் சொன்னாள்.

தர்மு முற்றத்துக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, நங்கநல்லூருக்குப் போன் போட்டாள். மன்னி எடுத்தாள். மன்னி பாலக்காட்டுக்காரி, மலையாள சீரியல் ஓடாவிட்டால் சாதம் இறங்காது. தர்மு சீரியல் என்று ஆரம்பிப்பதற்குள்ளேயே மன்னிக்குப் புரிந்துவிட்டது.

"இப்பத்தான் பாத்தயா? நாங்க அன்னிக்கே ரெண்டு பேருமா உக்காந்து பாத்தோம் தர்மு. கையெழுத்துப் போட அங்கே வரதுக்கு முன்னாடியே. தர்முவுக்கு உடனே அனுப்புங்கோன்னு நான் முட்டிண்டேன். வேண்டாம்னுட்டார்." மன்னி கோபமாகப் பேசவில்லை. இரு தரேன் என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் வந்து ஹலோ என்றான். மழை முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தர்முவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணா சொல்லலை? அதைக் காமிச்சிருந்தா நான் உடனே நம்பியிருப்பேனே."

"நம்பியிருப்பே" என்றான். "சாட்சி கொண்டு வந்தா யாரும் நம்புவா தர்மு. உங்கிட்டயும் நான் சாட்சி கொண்டு வரணுமா?"

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் காலில் விழுந்து சமாதானம் செய்திருப்பாள். கோபம் இல்லை. மன்னிச்சுடு அண்ணா என்றாள். சரி என்றான். பாத்துக்கோ என்றான். கிணற்றில் தண்ணி எவ்வளவு இருக்கு என்று கேட்பானோ என்று அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்கவில்லை.

போன் அணைந்த பிறகும் அவள் அப்படியே நின்றாள். அண்ணன் அடி வாங்கியபோது சாய்ந்து நின்ற தூண்தான் அது. அவள் அழுகிறாள் என்று தெரிந்து செல்லபாய் அடுக்களையிலேயே இருந்துவிட்டாள். சுவாமிதாஸ் மச்சிலிருந்து இறங்கி வந்து, கையிலிருந்த தூசியைத் தட்டியபடி கொஞ்சம் தயங்கினார். போனில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"வீடு நல்ல உறப்பா இருக்கும்மா. எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன், மனசுல வைக்கப்பிடாது. பின்னால வழக்கு கிழக்குன்னு வரப்பிடாதில்லா. போன்ல உள்ளது உங்க அண்ணன்தானே? அவருக்கும் இதுல அவகாசம், பங்கு ஏதும் உண்டுமா?"

தர்மு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லை" என்றாள். "எல்லாம் எனக்கு மட்டும்தான்."